வேலூர் வட்டார நிலநடுக்கங்களும் வறியோர் வீடுகளும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி அமைந்த தோல் தொழில் நகரங்களில் 2021 நவம்பரில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. ஒன்று மழையில் ஒரு வீடு இடிந்தது. மற்றொன்று நிலநடுக்கம். உயிர்களைப் பறித்தது நிலநடுக்கம் அல்ல, வீடு. ஒரே அளவு நிலநடுக்கம் செல்வ நாடுகளில் குறைவாகவும் ஏழை நாடுகளில் மிகுதியாகவும் உயிர்களைப் பலி கொள்வதன் காரணத்தை இந்த இரு நிகழ்வுகளின் வழியாகவும், இப்பகுதியின் நூறாண்டுப் பேரிடர் வரலாற்றின் வழியாகவும் விளங்கிக்கொள்ளலாம்.

2021 நவம்பர்

2021 நவம்பர் 19 அதிகாலையில், தோல் பதனிடும் ஊர்களில் ஒன்றான பேரணாம்பட்டில் தொடர்மழையில் ஊறியிருந்த ஒரு வீடு இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் நான்கு குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தனர். அந்த வாரம் பாலாற்றிலும் அதன் துணையாறுகளிலும் பெருவெள்ளம் ஓடியது.

நவம்பர் 29 அன்று அதிகாலை 4.17 மணிக்கு வேலூருக்கு மேற்கு தென்மேற்கே சுமார் 59 கிலோமீட்டர் தொலைவில் 3.6 ரிக்டர் அளவுள்ள நிலநடுக்கம் பதிவானது. டிசம்பரிலும் குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் லேசான அதிர்வுகள் உணரப்பட்டன. பாத்திரங்கள் உருண்டன. மக்கள் அச்சத்தில் வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தனர். உயிரிழப்பு எதுவும் இல்லை.

இப்பகுதியில் பல வீடுகள் விழுவதற்கு நிலநடுக்கம் தேவையில்லை, நான்கு நாள் மழை போதும் என்பதை இந்த இரு நிகழ்வுகளும் சேர்ந்து காட்டின. 3.6 அளவு அதிர்வில் சுவர்கள் நின்றதைக் கொண்டு அவை உறுதியானவை என்று கொள்ள இயலாது. ரிக்டர் அளவில் ஓர் எண் கூடும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 6.6 அளவுள்ள நிலநடுக்கம் 3.6 அளவைவிட 30,000 மடங்குக்கும் அதிகமான ஆற்றல் கொண்டது.

ஒரே அளவு, வேறு இழப்பு

2003 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் சிமியன் அருகே சுமார் 6.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. இரண்டு பேர் இறந்தனர். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, ஈரானின் பாம் நகரில் ஏறத்தாழ அதே அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கு இறந்தவர்கள் சுமார் 26,000 பேர். பாம் நகரின் வீடுகளில் பெரும்பாலானவை வெயிலில் உலர்த்திய பச்சை மண்கல்லால் கட்டப்பட்டவை. அவை இடிந்தபோது தூளாகி, மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லாமல் மக்களை மூடின. கலிபோர்னியாவில் இறந்த இருவரும் பாசோ ரோபிள்ஸ் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டின் பழைய செங்கல் கட்டடம் ஒன்று சரிந்தபோது இறந்தவர்கள். செல்வ நாட்டிலும் உயிரைப் பறித்தது வலுவூட்டப்படாத சுவர்தான். வேறுபாடு என்னவென்றால், அங்கு அத்தகைய கட்டடங்கள் சில. பாம் நகரில் அவையே ஊர்.

2010ஆம் ஆண்டு இன்னொரு ஒப்பீட்டைத் தந்தது. ஜனவரி 12 அன்று ஹெய்தியில் 7.0 அளவு நிலநடுக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். அந்நாட்டு அரசின் கணக்கு மூன்று லட்சத்தைத் தாண்டியது. பிப்ரவரி 27 அன்று சிலியில் 8.8 அளவு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் ஏற்பட்டன. அங்கு இறந்தவர்கள் சுமார் 525 பேர். இரண்டின் நில அமைப்பும் நிலநடுக்க மையத்தின் தொலைவும் வேறு. ஹெய்தியில் மையம் தலைநகரை ஒட்டி இருந்தது. ஆனால் அது மட்டும் காரணமல்ல. சிலி 1930களிலிருந்தே கட்டட விதிகளை வகுத்து, ஒவ்வொரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகும் திருத்திவந்த நாடு. கட்டடத்தின் அமைப்புக் குறைகளுக்குப் பத்து ஆண்டுகள் வரை பொறுப்பேற்க வைக்கும் சட்டமும் அங்கு உண்டு. ஹெய்தியில் நடைமுறையில் அத்தகைய விதி எதுவும் இல்லை.

ஒரு நாட்டுக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. 1976 பிப்ரவரி 4 அன்று குவாத்தமாலாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சுமார் 23,000 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பான்மையோர் மலைக்கிராமங்களின் மண்கல் வீடுகளிலும் தலைநகரின் ஓடைச் சரிவுகளிலும் வாழ்ந்த ஏழைகள். வசதியானோர் குடியிருப்புகள் ஒப்பீட்டளவில் தப்பின. அதனால் அது ‘வர்க்க நடுக்கம்’ என்றே அழைக்கப்பட்டது.

அசையாத நிலம் என்ற நம்பிக்கை

தென்னிந்தியத் தீபகற்பம் பழமையான கடினப் பாறையால் ஆனது. இமயமலைப் பகுதியைப் போலப் புவித்தட்டுகள் மோதும் விளிம்பில் அது இல்லை. எனவே இங்கு நிலநடுக்கம் வராது என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது பொதுநினைவிலிருந்து மறைந்துவிட்டது.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராட்டிரத்தின் லாத்தூர் மாவட்டம் கில்லாரி அருகே ஏற்பட்ட 6.2 அளவு நிலநடுக்கம் அந்த நம்பிக்கையைக் குலைத்தது. அன்றைய வரைபடத்தில் அப்பகுதி மிகக் குறைந்த இடர் கொண்ட முதல் மண்டலத்தில் இருந்தது. சுமார் 10,000 பேர் இறந்தனர். விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து மக்கள் உறங்கிய இரவு அது. அங்கிருந்த வீடுகள் மண் சாந்தில் அடுக்கிய உருண்டைக் கற்களால் ஆன பருத்த சுவர்களையும், மரத்தூலங்களின்மேல் பல அங்குலம் மண் கொட்டிய கனத்த கூரையையும் கொண்டவை. வெயிலைத் தடுக்க உதவிய அதே கனம்தான் அவர்களைக் கொன்றது.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் நிலநடுக்கமும், அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவு நிலநடுக்கமும் ஏற்பட்டன. 2002இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட புதிய வரைபடத்தில் முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. சென்னை, வேலூர் உள்ளிட்ட வடதமிழகப் பகுதிகள் மிதமான இடர் கொண்ட மூன்றாம் மண்டலத்தில் வந்தன. வரைபடம் மாறியது, அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் மாறவில்லை.

சுவர் விழும் விதம்

செங்கல், கருங்கல், மண் ஆகியவற்றால் ஆன சுவர் மேலிருந்து வரும் எடையை நன்கு தாங்கும். பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்காது. நிலநடுக்கம் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. முதலில் சுவர்கள் சந்திக்கும் மூலைகள் பிளக்கின்றன. மூலை விட்டதும் ஒவ்வொரு சுவரும் தனித்து நிற்கும் பலகையைப் போல ஆடுகிறது. சுவர் வெளியே சாய்ந்ததும் கூரை உள்ளே இறங்குகிறது.

மழையும் இதே இடங்களைத்தான் தாக்குகிறது. மண் சாந்து ஈரத்தில் குழைகிறது. அடித்தளத்தில் தேங்கிய நீர் சுவரின் காலை அரிக்கிறது. ஓடு வேய்ந்த வீட்டின்மேல் காசு சேரும்போது கான்கிரீட் தளம் போடுவதும், பழைய மண் சுவரின்மேலேயே இன்னொரு மாடி எழுப்புவதும் எடையைக் கூட்டுகின்றன. எனவே மழையில் விழும் வீடுகளின் கணக்கு, நிலநடுக்கம் வந்தால் எந்த வீடுகள் விழும் என்பதற்கான முன்னறிவிப்பும் ஆகும்.

2019 டிசம்பர் 2 அன்று கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் ஒன்று வரிசை வீடுகளின்மேல் விழுந்து 17 பேர் இறந்தனர். அனைவரும் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கு விழுந்தது அவர்கள் கட்டிய சுவர் அல்ல, அவர்களைப் பிரிப்பதற்காகக் கட்டப்பட்டது என்று குற்றம்சாட்டப்பட்ட சுவர். வறியவர்களுக்குத் தம் வீட்டின் தரம் மட்டுமல்ல, பக்கத்தில் எது நிற்கிறது என்பதும் தம் கையில் இல்லை.

பாலாற்றங்கரைக் குடியிருப்புகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் வளர்ந்ததற்கு மூன்று காரணங்கள்: பாலாற்றுப் படுகையின் ஊற்றுநீர், சுற்றுவட்டாரக் காடுகளில் கிடைத்த ஆவாரம்பட்டை, சென்னைத் துறைமுகத்துக்குச் செல்லும் இருப்புப்பாதை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிருந்து பதனிட்ட தோல் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. தொழிலை நடத்தியவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முதன்மையானவர்கள். சுண்ணாம்புக் குழியிலும் தோல் சீவும் இடத்திலும் வேலை செய்தவர்களில் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும் மிகுதி.

தோல் பதனிட நீர் வேண்டும், கழிவை விட ஓடை வேண்டும். எனவே தொழிற்கூடங்கள் ஆற்றை ஒட்டியே அமைந்தன. தொழிலாளர் குடியிருப்புகள் தொழிற்கூடத்துக்கும் ஆற்றுக்கும் இடையிலான தாழ்ந்த நிலத்தில் அமைந்தன. மேட்டு நிலம் விலை மிகுந்தது, ஆற்றுப் புறம்போக்கு விலையற்றது.

இதன் விளைவு 1903 நவம்பரில் தெரிந்தது. அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் பாலாற்றின் தலைப்பகுதியில் இருந்த பேத்தமங்கலம் ஏரி உடைந்து பெருவெள்ளம் வந்தது. வாணியம்பாடியில் ஆற்றை ஒட்டிய குடியிருப்புகள் அடித்துச் செல்லப்பட்டுச் சுமார் 200 பேர் இறந்தனர். அதன் நினைவுச் சின்னம் அந்நகரில் உள்ளது. 2021 நவம்பர் வெள்ளத்தின்போது முதியவர்கள் பேசியது அந்த வெள்ளத்தைப் பற்றித்தான். இடைப்பட்ட 118 ஆண்டுகளில் பாலாறு பெரும்பாலும் வறண்டு கிடந்ததால் ஆற்றின் கரை எது, படுகை எது என்ற வேறுபாடு மங்கி, குடியிருப்புகள் இன்னும் உள்ளே நகர்ந்திருந்தன.

ராணிப்பேட்டை, 2015

2015 ஜனவரி 31 அன்று நள்ளிரவுக்குப் பின் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. கசடு, பக்கத்துத் தோல் தொழிற்கூடத்துக்குள் பாய்ந்தது. அங்கு உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

அன்று மழையும் இல்லை, நிலமும் நடுங்கவில்லை. ஆயினும் நிலநடுக்கச் சாவுகளின் அனைத்துக் கூறுகளும் இதில் உண்டு: நிறைந்த தொட்டியின் பாரத்தைத் தாங்காத சுவர், உறங்கும் நேரம், வாடகைக்கு அறை எடுக்க இயலாமல் வேலை செய்யும் இடத்திலேயே படுத்தவர்கள், எச்சரிக்கைக்கோ ஓடுவதற்கோ வாய்ப்பின்மை. பகலில் அந்தச் சுவர் உடைந்திருந்தால் உரிமையாளர், மேற்பார்வையாளர், தொழிலாளி என அனைவரும் அங்கு இருந்திருப்பர். இரவில் அங்கு இருந்தவர்கள் வேறு இடம் இல்லாதவர்கள்.

ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன், 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். ஆந்திரம், ஒடிசா உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்களே அவர்களில் மிகுதி. வீட்டை வாங்கவிருந்தவர்கள் பணத்தை இழந்தனர். கட்டியவர்கள் உயிரை இழந்தனர்.

கிணறுகளும் சேமிப்பும்

நிலநடுக்கத்தின் இழப்பு அது வருவதற்கு முன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது. சேமிப்பு உள்ள குடும்பம் விரிசலைப் பூசும், கூரையை மாற்றும், மேட்டு நிலத்தில் மனை வாங்கும். சேமிப்பு இல்லாத குடும்பம் விரிசலோடு வாழும். பாலாற்றங்கரையில் அந்தச் சேமிப்பு கரைந்ததற்கு ஒரு தனி வரலாறு உண்டு.

ஆவாரம்பட்டைப் பதனிடுதலுக்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பைக் கொண்டு பதனிடுதல் விரைவானது. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை 1970களில் இந்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்த பின் குரோமிய முறை பரவியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் தேவைப்பட்டது. அந்த நீர் உப்பும் குரோமியமும் கலந்து ஓடைகளிலும் வயல்களிலும் விடப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று அத்தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இத்தீர்ப்பு கூறியது.

அதன்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் 29,193 குடும்பங்களுக்கு மொத்தம் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. சராசரியாகப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய்க்கும் குறைவு. இழப்பீடும் நிலச் சீரமைப்பும் நிறைவடையாத நிலையில் வழக்கு நீண்டது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. மனு தொடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 34 ஆண்டுகள். கிணறு உவர்த்த உழவர் கூலி வேலைக்குப் போனார். கூலியிலிருந்து குடிநீருக்கும் காசு கொடுத்தார். வீட்டுச் சுவருக்கு மிஞ்சியது எதுவும் இல்லை.

இழப்பைக் கணக்கிடும் முறை

பணமதிப்பில் பார்த்தால் நிலநடுக்கங்களால் அதிகம் இழப்பவை செல்வ நாடுகளே. 2010இல் சிலியின் இழப்பு சுமார் 3,000 கோடி டாலர், ஹெய்தியின் இழப்பு சுமார் 800 கோடி டாலர். ஆனால் ஹெய்தியின் இழப்பு அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைவிட அதிகம். சிலி சில ஆண்டுகளில் எழுந்து நின்றது.

குடும்ப அளவிலும் இதே கணக்குதான். காரை வீட்டின் உரிமையாளர் இழக்கும் தொகை பெரியது. வங்கிக் கடனும் உறவினர் உதவியும் அவரை மீட்கும். கல்நார்த் தகடு வேய்ந்த ஓரறை வீட்டின் மதிப்பு சிறியது. ஆனால் அதுவே அந்தக் குடும்பத்தின் முழுச் சொத்து. வாடகைக்கு இருப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டு இழப்பீடு பட்டா உள்ளவருக்கே செல்கிறது. புறம்போக்கில் இருப்பவரும் வாடகைதாரரும் இழந்தது தட்டுமுட்டுச் சாமான் என்றே கணக்கில் வரும். வீட்டிலிருந்தபடி காலணி மேல்பாகம் தைக்கும் ஆம்பூர்ப் பெண்களுக்கு வீடே வேலையிடம் என்பது எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை.

விதியும் நடைமுறையும்

வருமானம் மட்டுமே இழப்பைத் தீர்மானிப்பதில்லை. நிலநடுக்கவியலாளர்கள் நிக்கோலஸ் அம்ப்ரேசிசும் ரோஜர் பில்ஹாமும் 2011இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முந்தைய 30 ஆண்டுகளில் நிலநடுக்கத்தின்போது கட்டடம் இடிந்து இறந்தவர்களில் 83 விழுக்காட்டினர், தம் வருமான நிலைக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட ஊழல் மிகுந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று அவர்கள் கண்டனர். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 50,000க்கும் அதிகமானோர் இறந்தபோது இது மீண்டும் உறுதியானது. துருக்கி ஏழை நாடு அல்ல. நல்ல கட்டட விதிகளும் அங்கு இருந்தன. விதி மீறிய கட்டடங்களுக்குப் பணம் பெற்றுக்கொண்டு பொதுமன்னிப்பு வழங்கும் வழக்கமும் இருந்தது.

இந்தியாவிலும் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான தர விதிகள் உண்டு. மண் வீடுகளுக்கும் கல் வீடுகளுக்கும் தனித்தனி வழிகாட்டுதல்கள் 1993லேயே வெளியாயின. அவை பொறியாளரின் மேசைக்கு வருகின்றன. பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் சிறு வீடுகளைக் கட்டுவது பொறியாளர் அல்ல, கொத்தனார். வீட்டுக்காரரின் கையிருப்பு தீரும் இடத்தில் வேலை நிற்கும், அடுத்த தவணைப் பணம் வரும்போது தொடரும்.

குறைந்த செலவுப் பாதுகாப்பு

சிறு வீட்டைக் காப்பதற்கு வேண்டியவை விலை மிகுந்தவை அல்ல. அடித்தளத்தின்மேல் பிளிந்த் பீம், கதவு சன்னல்களின் மேல்மட்டத்தில் நான்கு சுவர்களையும் சுற்றி ஓடும் லிண்டல் பீம், மூலைகளில் நிலைக்கம்பி, ஒன்றுக்கொன்று பிணைத்து அடுக்கிய செங்கல் வரிசை ஆகியவை சுவர்களைப் பெட்டியைப் போலச் சேர்த்துப் பிடிக்கும். வாசல், சன்னல்களின் மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடுவது வழக்கம். அதைச் சுற்றிலும் தொடர்ச்சியாகப் போடுவதே முதன்மையான வேறுபாடு. செலவு சற்றுக் கூடும். அந்தச் சிறு கூடுதலே கூலிக் குடும்பத்துக்கு எட்டாததாக இருக்கிறது. அரசு வீட்டுத் திட்டத் தொகையுடன் இந்தப் பீமுக்கான பங்கைத் தனியே சேர்ப்பதும், கொத்தனார்களுக்குப் பயிற்சி அளிப்பதும் நிலநடுக்கத்துக்கு மட்டுமன்றி மழைக்கும் பயன்தரும்.

பேரணாம்பட்டில் 9 பேர், ராணிப்பேட்டையில் 10 பேர், 1903இல் வாணியம்பாடியில் சுமார் 200 பேர் என்ற எண்கள் எந்த நிலநடுக்கப் பட்டியலிலும் இடம்பெறா. ஆனால் பாம் நகரிலும் கில்லாரியிலும் இறந்தவர்களைக் கொன்ற காரணங்களே இவர்களையும் கொன்றன: தாழ்ந்த நிலம், பிணைப்பற்ற சுவர், உறங்கும் நேரம், வேறு இடம் இல்லாமை. 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூர் வட்டாரத்து வீடுகள் சில நொடிகள் அதிர்ந்து நின்றன. அவற்றில் பல, பத்து நாள் முன் பேரணாம்பட்டில் விழுந்த வீட்டின் வகையைச் சேர்ந்தவை.